மூர் மார்க்கெட், கோயம்பேடு, பாண்டி பஜார்: ஊரைப் புதுப்பிக்க எது சரியான வழி?

பொங்கல் முடிந்த வாரம் கோவில்பட்டியிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். எழுபதுகளில் சில வருடம் சென்னையில் வேலை பார்த்தவர், அப்புறம் ஊரோடு போய்விட்டார். வந்த மறுநாளே, "மூர் மார்க்கெட்டுக்கு ஒருதரம் போயிட்டு வருவோம்லே" என்றார். அது இப்போது இல்லை என்று அவருக்குத் தெரியும், எரிந்த மறுநாள் பேப்பரிலேயே படித்திருக்கிறார். ஆனாலும் அந்த இடத்தையாவது பார்க்க வேண்டுமாம். சென்ட்ரல் பக்கத்தில் புறநகர் ரயில் நிலையத்துக்கு முன்னால் போய் நின்றோம். "செவப்பா ஒரு கட்டடம், நடுவுல முத்தம் மாதிரி இருக்குமே, அது எங்க நின்னுச்சு?" என்று கேட்டார். நாம நிக்கிற இடந்தான் பெரியப்பா என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

அன்று சாயங்காலமே அவரைப் பாண்டி பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவர் முகமே வேறு. ஒரே நாளில் இந்த இரண்டையும் பார்த்ததிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஊரைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி நாற்பது ஐம்பது வருடத்தில் எத்தனையோ செய்தாயிற்று. இடித்துவிட்டுக் கட்டினோம், ஊருக்கு வெளியே கொண்டுபோனோம், பழையதைப் பழுது பார்த்தோம், தெருவையே திருத்தினோம். இதில் எது நம்மை "என் ஊரு" என்று நெஞ்சு நிமிர்ந்து சொல்ல வைத்தது? என் அளவுகோல் எளிது. வெளியூர்ச் சொந்தக்காரர் வந்தால் அங்கே கூட்டிப்போக ஆசை வருகிறதா, ஏற்கெனவே அங்கே பிழைத்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள், இந்த இரண்டையும்தான் பார்ப்பேன்.

இடித்துக் கட்டியது: மூர் மார்க்கெட்

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூர் மார்க்கெட்டே ஒரு மறுசீரமைப்புத் திட்டம்தான். பிராட்வே பக்கம் நெருக்கடியில் கிடந்த பாப்ஹாம் சந்தை வியாபாரிகளுக்காக, மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் முன்னின்று எழுப்பியது, 1900இல் திறந்தது. சின்ன வியாபாரிகளுக்குத்தானே என்று தகரக் கொட்டகை போட்டுத் தரவில்லை. வளைவுகளும் முற்றமுமாக, ஊரே வந்து பார்க்கிற மாதிரி ஒரு சிவப்புக் கட்டடத்தைக் கட்டி, பழைய புத்தகம் விற்பவரையும் பழைய சாமான் விற்பவரையும் கிளி, முயல் விற்பவரையும் அதற்குள் உட்கார வைத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நடந்த பல காரியங்கள் எனக்குப் பிடிக்காது, ஆனால் இந்த மரியாதை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1985 மே 30 அன்று அது எரிந்தது. ரயில்வே தன் விரிவாக்கத்துக்கு அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. எரிந்ததைச் சரிசெய்ய யாரும் முனையவில்லை, இடம் ரயில் நிலையமாயிற்று. வியாபாரிகளுக்கு ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் அல்லிக்குளம் வணிக வளாகம் கிடைத்தது. அல்லிக்குளம் என்று பெயர் இருக்கிறது, குளம் இல்லை.

புறநகர் ரயில் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை, தினமும் அதில் போகிற லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவர்தான். ஆனால் தீப்பிடித்தால் வேறு வழியே கிடையாது என்று சொல்பவர்களுக்குச் சேப்பாக்கத்தைக் காட்டுவேன். அங்கே நவாபின் அரண்மனையான கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. கூரை போய், சுவர் மட்டும் நின்றது. இடித்துத் தள்ளாமல், சுண்ணாம்புச் சாந்து அரைத்து, பழைய முறையிலேயே எடுத்துக் கட்டினார்கள். இன்றைக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அந்தக் கட்டடத்தில் நடக்கிறது. இரண்டும் எரிந்தவை. நவாபின் அரண்மனை திரும்ப வந்தது, சில்லறை வியாபாரிகளின் சந்தை வரவில்லை.

ஊருக்கு வெளியே: கோயம்பேடு, கிளாம்பாக்கம்

பழைய காய்கறிச் சந்தையான கொத்தவால் சாவடியைப் பார்த்தவர்களுக்கு, 1996இல் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது எவ்வளவு நல்ல முடிவு என்று விளக்க வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுனின் அந்தச் சந்துகளில் லாரி நுழைந்தால் மனிதன் நுழைய முடியாது. கோயம்பேட்டில் 295 ஏக்கர், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். மொத்த வியாபாரத்துக்கு லாரி வர வேண்டும், இறக்க வேண்டும், கழிவை அள்ள வேண்டும். அதற்கு விசாலம்தான் முக்கியம். இந்த வகையில் கோயம்பேட்டை எதனோடு வைத்துப் பார்த்தாலும் அதுதான் ஜெயிக்கும். மூர் மார்க்கெட் வியாபாரிகளுக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்குக் கிடைத்தது. மொத்தச் சந்தையே கூட்டமாக இடம் பெயர்ந்ததால் வாங்குகிறவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

பஸ் நிலையம் அப்படியில்லை. வெளியூர்ப் பேருந்துகள் பிராட்வேயிலிருந்து 2002இல் கோயம்பேட்டுக்குப் போயின. அங்கே மெட்ரோ வந்தது 2015இல், அதாவது பதிமூன்று வருடம் கழித்து. அந்தப் பதிமூன்று வருடமும் ஆட்டோவுக்குக் கொடுத்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அதிலிருந்து பாடம் படித்திருக்க வேண்டாமா? 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. 88 ஏக்கர், ஏறத்தாழ 400 கோடி ரூபாய், உள்ளே போனால் விமான நிலையம் மாதிரி இருக்கிறது, உண்மையிலேயே நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ரயில் பாதை பக்கத்திலேயே ஓடியும் திறந்த நாளில் அங்கே நிலையம் இல்லை. ஊரப்பாக்கத்துக்கோ வண்டலூருக்கோ மூட்டை முடிச்சோடு போக வேண்டியிருந்தது. பெரியப்பா பஸ்ஸில் வருவதையே விட்டுவிட்டு ரயிலுக்கு மாறியதற்குக் காரணம் இதுதான். பெருமையாகக் காட்ட வேண்டிய கட்டடம், வந்து சேருகிற களைப்பில் யார் கண்ணிலும் படுவதில்லை.

பழுது பார்த்தது: ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால்

இதில் எனக்குச் சண்டையே இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிப்பன் மாளிகை 1913இல் திறந்தது. மாநகராட்சியின் உதவி எண்ணும் 1913தான், கவனித்திருக்கிறீர்களா? பக்கத்திலேயே விக்டோரியா பொது அரங்கம், கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து நம்பெருமாள் செட்டியார் கட்டியது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் நடந்த மேடை, நீதிக்கட்சி உருவான 1916 நவம்பர் கூட்டம் நடந்த இடம். சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32 கோடிக்கு மேல் ஒதுக்கி அதைச் சீரமைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் தகும் என்பேன்.

ஒரே ஒரு குறை. இந்த மாதிரி இடங்களை நாம் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். காவலாளி, பதிவேடு, "என்ன விஷயமா வந்தீங்க?" என்ற கேள்வி. வேலை இருந்தால்தான் உள்ளே. விக்டோரியா ஹால் ஒரு காலத்தில் நாடகம் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த இடம். வாரத்தில் ஒரு நாளாவது ஏதாவது ஒரு மொழியில் ஒரு நாடகம் அங்கே நடக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பெருமையைப் பார்த்துவிட்டு வருவது பள்ளிச் சுற்றுலாவுக்குப் போதும், ஊர்க்காரனுக்குப் போதாது.

தெருவைத் திருத்தியது: பாண்டி பஜார்

இங்கேதான் நான் நிறையப் பேசுவேன், மேற்கு மாம்பலத்துக்காரர் என்பதால் கொஞ்சம் சொந்தப் பாசமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தியாகராய நகரே ஏரியைத் தூர்த்து 1920களில் உண்டாக்கிய ஊர். பனகல் பூங்கா, தியாகராயர் சாலை, சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று எங்கே திரும்பினாலும் நீதிக்கட்சிக்காரர்கள் பெயர். சௌந்தரபாண்டியனார் அங்காடிதான் ஜனங்கள் வாயில் பாண்டி பஜார். 2019 நவம்பரில், சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் 40 கோடி ரூபாய் அளவில், இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் நடைபாதையை அகலப்படுத்தி, வண்டிகளுக்கான வழியைக் குறுக்கினார்கள். திறப்பதற்கு முன் வாகனங்களை நிறுத்தி ஒத்திகையும் பார்த்தார்கள். அப்போது, வியாபாரம் படுத்துவிடும், வண்டி நிறுத்த இடமில்லாமல் யார் வருவார்கள் என்று கேட்டவர்களில் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் உண்டு. அவர்கள் இன்றைக்குச் சாயங்கால நடைக்குப் போவது அங்கேதான்.

பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. நூறடி நடந்தால் உட்கார வேண்டும். சென்னையில் இதுவரை எங்கே கூட்டிப்போனாலும் உட்கார வேண்டுமென்றால் ஓட்டலுக்குள் நுழைந்து காபியாவது சொல்ல வேண்டியிருந்தது. இங்கே ஒரு மரத்தடிக் கல் இருக்கையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டார். பக்கத்தில் ஒரு தாத்தாவும் பாட்டியும் துணிக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றுமே பேசாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு சின்னப் பெண் சறுக்குச் சக்கரம் கட்டிக்கொண்டு விழுவதும் எழுவதுமாக இருந்தாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்களை யாரும் எழுப்பவில்லை, எதுவும் வாங்கச் சொல்லவில்லை. "இதுக்குக் காசு எதுவும் கேக்க மாட்டானாலே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

அப்போதுதான் அதையும் பார்த்தோம். எங்களுக்கு நாலடி தள்ளி ஒரு பையன் தார்ப்பாய் விரித்து ஹேர்கிளிப், கைக்குட்டை விற்றுக்கொண்டிருந்தான். தார்ப்பாயின் நான்கு முனையிலும் கயிறு கோத்து, நான்கையும் சேர்த்து ஒரு முடிச்சாகக் கையில் பிடித்திருந்தான். எங்கிருந்தோ "வராங்க" என்று ஒரு குரல். ஒரே இழுப்பு. மொத்தக் கடையும் மூட்டையாகி முதுகில் ஏறிச் சந்துக்குள் போய்விட்டது. விலை கேட்டுக்கொண்டிருந்த அம்மா கையில் ஒரு கிளிப்போடு அப்படியே நின்றார். பத்து நிமிடம் கழித்து அவன் திரும்பி வந்தபோது காசு கொடுத்தார்.

2013இல் பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்கள் ஐநூறுக்கு மேற்பட்டவர்களை அங்கேயே கட்டிய பல மாடி வளாகத்துக்கு அனுப்பினார்கள். கடை என்று ஒரு முகவரி கிடைத்தது, அது நல்லதுதான். ஆனால் பாசி மணியும் வளையலும் வாங்க மாடிப்படி ஏறி வருகிறவர்கள் எத்தனை பேர்? நடைபாதை வியாபாரம் என்பதே நடக்கிறவர் கண்ணில் பட்டு வாங்குவது. அடுத்த வருடமே, 2014இல், தெரு வியாபாரிகளுக்கான மத்தியச் சட்டம் வந்தது. கணக்கெடுக்க வேண்டும், அடையாளச் சான்று தர வேண்டும், இடம் முடிவு செய்கிற குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்கிறது அது. 2019இல் அவ்வளவு அகலமாக நடைபாதை போட்டபோது, மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் ஆறடிக்கு நாலடி கட்டம் வரைந்து, எண் போட்டு, வியாபாரிகளை முறையாக உட்கார வைத்திருக்கலாம். இடம் இருக்கிறது. நான் அடியெடுத்து வைத்து அளந்தே பார்த்தேன்.

சரி, எது?

சில்லறைக் கடைத்தெருவுக்குப் பாண்டி பஜார் வழிதான், சந்தேகமே இல்லை. 400 கோடி செலவில் கட்டியதை நான் யாருக்கும் காட்டப் போனதில்லை, 40 கோடியில் திருத்திய தெருவுக்கு வீட்டுக்கு வருகிற எல்லோரையும் அழைத்துப் போகிறேன். மொத்த வியாபாரம் என்றால் கோயம்பேடு. பஸ் நிலையம் என்றால் ரயிலோ மெட்ரோவோ முதலில் வரட்டும், அப்புறம் நாடா வெட்டலாம். எரிந்தாலும் இடிந்தாலும் பழைய கட்டடத்துக்குக் கலச மகால் வழி. மூர் மார்க்கெட்டுக்கு நடந்தது இனி எதற்கும் நடக்க வேண்டாம்.

ஆனால் 1900இல் சின்ன வியாபாரிக்குக் கொடுத்த மரியாதையைப் பாண்டி பஜார் இன்னும் கொடுக்கவில்லை. அது மட்டும் சேர்ந்தால் இந்த ஊரில் அதற்கு ஈடு எதுவும் இல்லை என்று எழுதித் தருவேன். இனி இந்த மாதிரி வேலை புரசைவாக்கத்துக்கோ வண்ணாரப்பேட்டைக்கோ வந்தால், அந்தப் பகுதி ஆட்கள் முதல் கூட்டத்திலேயே போய் உட்கார்ந்து வியாபாரிகளுக்கான கட்டத்தை வரைபடத்தில் கேளுங்கள். கல் பதித்து முடித்த பிறகு கேட்டால் யாரும் திரும்பப் பெயர்க்க மாட்டார்கள்.

பெரியப்பா அந்தப் பையனிடம் மூன்று கைக்குட்டை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கல் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்ததில் கால் தட்டியது. விழவில்லை. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துப் பேசியபோது, சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், "அந்தக் கல்ல மாத்திட்டானா, யாராவது விழுந்துறப் போறாங்க" என்றார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். புதுக் கல் பதித்திருந்தார்கள், பழைய கற்களைவிட நிறம் கொஞ்சம் வெளுப்பு. படம் எடுத்து அவருக்கு அனுப்பி வைத்தேன்.