ஸ்மித் ஏறுதா இறங்குதா? அமெரிக்க சென்சஸ் பீரோவோட குடும்பப் பெயர் பட்டியல் ரிவ்யூ

ஒரு குடும்பப் பெயர் எவ்வளவு காமன்னு பாக்க நெட்ல ஏகப்பட்ட சைட் இருக்கு, பெயரைத் தட்டினா உடனே ஒரு மேப், ஒரு ரேங்க், உலகத்துல இத்தனை பேர்னு ஒரு நம்பர் வந்துடும், பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா அந்த நம்பர் எந்த வருஷத்துது, நிஜமா எண்ணினதா இல்ல கணக்குப் போட்டு ஊகிச்சதான்னு பல இடத்துல தெளிவாவே சொல்ல மாட்டாங்க. அதனாலதான் இந்த விஷயத்துல யார் கேட்டாலும் அமெரிக்க சென்சஸ் பீரோ ஃப்ரீயா குடுக்குற பட்டியலை முதல்ல பாருங்கன்னு சொல்வேன். என் ரேட்டிங் 5க்கு 4.

2010 சென்சஸ்ல குறைஞ்சது 100 பேருக்காவது இருந்த குடும்பப் பெயர் எல்லாம் இதுல இருக்கு, மொத்தம் 1,62,253 பெயர். ஒவ்வொண்ணுக்கும் ரேங்க், எத்தனை பேர், லட்சத்துக்கு எத்தனை பேர்னு தனித்தனி காலம் (column). இதே மாதிரி 2000 பட்டியலும் இருக்கு, அதுல 1,51,671 பெயர். ரெண்டையும் இறக்கி எக்செல்ல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும், அப்பதான் இதோட அருமையே தெரியும்.

ஸ்மித்தையே எடுத்துக்கோங்க. 2000ல 23,76,206 பேர், 2010ல 24,42,977 பேர், பத்து வருஷத்துல 66 ஆயிரம் ஸ்மித் கூடியிருக்காங்க, ரெண்டு தடவையும் முதல் இடம், சரி பெயர் நல்லா வளருதுன்னுதான் யாருக்கும் தோணும். இப்ப லட்சத்துக்கு எத்தனைங்கிற காலத்தைப் பாருங்க, 880.85ல இருந்து 828.19க்கு இறங்கியிருக்கு! ஆள் கூடியிருக்கு ஆனா பெயர் முன்ன மாதிரி காமன் இல்ல, ஏன்னா நாட்டோட மொத்த ஜனத்தொகை அதை விட வேகமா கூடியிருக்கு. ஒரு பெயர் எவ்வளவு காமன்ங்கிற கேள்விக்கு நேரான பதில் இந்தக் காலம்தான், இது இல்லாம வெறும் எண்ணிக்கையை மட்டும் காட்டுற சைட்டை நான் நம்பவே மாட்டேன். 1990க்கும் ஒரு பழைய பட்டியல் உண்டு, அதுல ஸ்மித் 1.006%, அதாவது லட்சத்துக்கு 1,006, ஆனா அது முழு எண்ணிக்கை இல்ல, மாதிரி எடுத்துப் போட்டது, அதனால மத்த ரெண்டோட தசமப் புள்ளி வரைக்கும் ஒப்பிட வேணாம், போக்கு தெரிஞ்சா போதும்.

ரேங்க் மாறுறதைப் பாக்குறது இன்னும் சுவாரசியம். கார்சியா 1990ல 18வது இடம், 2000ல 8, 2010ல 6. 2000ல 172வது இடத்துல இருந்த பட்டேல் 2010ல 95க்கு வந்துடுச்சு, 1,45,066 பேரா இருந்தது 2,29,973 ஆச்சு. முதல் ஆயிரம் பெயர்ல பத்து வருஷத்துல ரொம்ப வேகமா கூடினது ஜாங், இரட்டிப்பையும் தாண்டிடுச்சு. குழந்தை பிறக்குறதால மட்டும் பத்து வருஷத்துல ஒரு பெயர் இப்படி ஏறாது, வெளியில இருந்து ஆளுங்க வந்து குடியேறுறதுதான் பெரிய காரணம்.

சாதாரணமா ஒரே பெயரா தெரியுறதுக்குள்ள எத்தனை கதை இருக்குன்னு காட்டுறதுக்கு இனவாரி சதவீதக் காலங்களும் இருக்கு. லீங்கிற பெயர் இங்கிலாந்துலயும் உண்டு, சீனாலயும் உண்டு, கொரியாலயும் உண்டு, பட்டியல்ல எல்லாம் சேர்ந்து ஒரே வரி, ஆனா அந்த வரியில ஆசியர் 40%க்கு மேல, வெள்ளையர் மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலன்னு பிரிச்சுப் பாக்க முடியுது. வாஷிங்டன் பெயர் உள்ளவங்கள்ல சுமார் 88% கறுப்பினத்தவங்க, விடுதலையான அடிமைகள் பலர் வெச்சுக்கிட்ட பெயர் இது, அடிமை முறையோட வரலாறு ஒரு எக்செல் வரியில வந்து நிக்குது, இந்த இடத்துல நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

ஒரு ஸ்டார் குறைச்சதுக்குக் காரணம் இருக்கு. எல்லாமே பெரிய எழுத்து, இடைவெளி கிடையாது, எழுத்து மேல போடுற குறியும் கிடையாது, அதனால டி லா க்ரூஸ்னு பிரிச்சு எழுதுறவங்களும் சேர்த்து எழுதுறவங்களும் ஒண்ணாயிடுறாங்க. மாநில வாரியா இல்ல, வயசு வாரியாவும் இல்ல. இதைவிடப் பெரிய குறை அந்த 100 பேர் வரம்பு. 2010ல மொத்தம் சுமார் 63 லட்சம் வெவ்வேற பெயர் பதிவாச்சு, அதுல 62% ஒரே ஒரு தடவை வந்தது, எழுத்துப் பிழையும் அதுல கலந்திருக்கும்தான், இருந்தாலும் அபூர்வமான பெயர் அத்தனையும் பட்டியலுக்கு வெளியிலதான் நிக்குது. தனியாளோட அடையாளம் வெளியில தெரியக் கூடாதுங்கிறது நியாயம், அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா 1874லயே பிரிட்டன்ல கால்டன்ங்கிற விஞ்ஞானியும் வாட்சன்ங்கிற கணித அறிஞரும் குடும்பப் பெயர் எப்படி அழியுதுன்னு கணக்குப் போட்டுப் பாத்தாங்க, ஒரு தலைமுறையில பெயரைத் தாங்க ஆள் இல்லன்னா அந்தக் கிளை அதோட முடிஞ்சது, கொஞ்சம் பேரே இருக்குற பெயருக்கு இந்த ஆபத்து ரொம்ப அதிகம். அந்தக் கேள்விக்கு இந்தப் பட்டியல்ல விடை கிடைக்காது. 2000ல இருந்து 2010ல காணாமப் போன பெயர் அழிஞ்சுபோச்சுன்னு அர்த்தமும் இல்ல, 103 பேர் 97 ஆகியிருந்தாலே பட்டியலை விட்டுப் போயிடும், அதனால கடைசி வரிசையில இருக்குற பெயரை வெச்சு யாரும் முடிவு கட்டிடாதீங்க, முதல் சில ஆயிரம் பெயருக்குள்ள மட்டும் ரெண்டு வருஷத்தையும் ஒப்பிடுங்க, அதுவும் ரேங்க்கை விட்டுட்டு லட்சத்துக்கு எத்தனைங்கிற காலத்தை வெச்சு.