கிம்ப்பில் கர்வ்ஸ் பிரீசெட்: ஏழு ஆண்டுப் பழக்கம்

கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளின் 2.10 பதிப்பு வந்த 2018ஆம் ஆண்டிலிருந்து என் படங்களுக்கெல்லாம், ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் கர்வ்ஸ் கருவியில்தான் நிறம் திருத்துகிறேன். கோட்டை இழுத்து ஒரு நல்ல நிறம் அமைந்ததும், மேலே உள்ள கூட்டல் குறியை அழுத்திப் பெயர் கொடுத்தால், வேறு படங்களுக்கும் அப்படியே போடக்கூடிய பிரீசெட் தயார். முதல் ஆண்டில் ஆசை ஆசையாக நாற்பதுக்கு மேல் சேர்த்தேன். இன்று வைத்திருப்பது ஐந்து.

பிரீசெட் என்பது ஒரே ஒரு படத்தைப் பார்த்து வரைந்த கோடு. எனக்கு மிகவும் பிடித்த ‘பழைய பிலிம்’ பிரீசெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிறங்களையும் சேர்த்து மாற்றும் வேல்யூ கோட்டின் இடது முனையை, 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில், 0இலிருந்து 22க்கு உயர்த்தியிருப்பேன். அதனால் படத்தில் முழுக் கறுப்பு இராது. நீலத்தை மட்டும் மாற்றும் நீலச் சேனலில் இடது முனையைச் சற்று ஏற்றி, வலது முனையை 255இலிருந்து 235க்கு இறக்கியிருப்பேன். நிழலில் மெல்லிய நீலம், வெளிச்சத்தில் இளமஞ்சள். மேகமூட்டமான பகலில் எடுத்த படங்களுக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தும். அதையே மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குப் போட்டேன். முகங்களெல்லாம் காமாலை கண்டவைபோல் ஆகிவிட்டன. ஏற்கெனவே நீலம் குறைந்த படத்தில் இன்னும் நீலத்தைக் குறைத்தால் வேறென்ன ஆகும்? அன்றிலிருந்து முதலில், வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வெண்சமநிலையைத் திருத்துகிறேன், பிறகுதான் பிரீசெட். பெயரையும் தோற்றத்தை வைத்து அல்லாமல் வெளிச்சத்தை வைத்தே இடுகிறேன்: ‘மேகம்’, ‘உச்சி வெயில்’, ‘ஜன்னல் ஒளி’.

எஸ் வடிவக் கோட்டில் இன்னொரு பாடம் கிடைத்தது. நிழல் பக்கப் புள்ளியை 64இலிருந்து 52க்கு இறக்கி, வெளிச்சப் பக்கப் புள்ளியை 192இலிருந்து 204க்கு ஏற்றினால் படம் துலக்கமாகும். ஆனால் வேல்யூ கோடு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே இழுப்பதால் நிறச்செறிவும் கூடிவிடும். கன்னம் தேவைக்கு மேல் சிவக்கும். திருத்தம் படத்தோடு எப்படிச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க கர்வ்ஸ் பெட்டியிலேயே இருக்கும் கலப்பு முறையை லூமினன்ஸுக்கு மாற்றினால் நிறம் பெரும்பாலும் அப்படியே நிற்க, வெளிச்சம் மட்டும் மாறும். திருத்தத்தின் வலிமையைக் குறைக்கும் ஒபாசிட்டியும் அங்கேயே இருக்கிறது. எந்தப் பிரீசெட்டையும் நான் 60 சதவீதத்துக்கு மேல் வைப்பது அரிது.

ஜேபெக் படங்களில் செங்குத்தான கோடுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். அவற்றை இழுத்து விரித்தால் அந்தி வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். படத்தை, இன்னும் நுணுக்கமான படிகள் கொண்ட 32 பிட்டுக்கு மாற்றினால் அடுத்தடுத்த திருத்தங்களில் புதிய இழப்பு வராதே தவிர, முன்பே போன படிகள் திரும்புவதில்லை. கேமரா பதிவுசெய்த மூலத் தரவான ரா கோப்பு இருந்தால் அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

ஒருமுறை கணினியை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவியபோது எல்லாப் பிரீசெட்டுகளும் போய்விட்டன. பட்டியலின் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானில் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருந்தும் நான் அதைத் தொட்டதில்லை. இப்போது ஒவ்வொன்றின் கோப்பும் படங்களோடு சேர்ந்தே இருக்கிறது.

2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 எனக்குப் பெரிய நிம்மதி. அதற்கு முன், சரி என்று அழுத்திவிட்டால் கோடு படத்தோடு கரைந்துவிடும். படத்தின் அடுக்கான லேயரை நகலெடுத்துவிட்டே தொடங்குவேன். இப்போது கர்வ்ஸ் லேயரின் மேல் தனியாக நிற்கிறது. கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்து அடுத்த மாதம் திறந்தாலும் அதே புள்ளிகளைப் பிடித்து நகர்த்தலாம்.

நூறு படங்களுக்கு ஒரே கோடு வேண்டுமென்றால் மட்டும் கிம்ப்பைத் திறப்பதில்லை. டார்க்டேபிள் என்னும் இன்னொரு மென்பொருளில் திருத்தங்களை ஒரு ஸ்டைலாகச் சேமித்து, எல்லாப் படங்களுக்கும் ஒரே தடவையில் போட்டுவிடுகிறேன்.