மொட்டைமாடி சோலார் 3 கிலோவாட்: ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்த அப்புறம்

விருதுநகர் பக்கம் எங்க வீடு. போன வருஷம் பங்குனில 540 வாட் பேனல் ஆறு, ஒரு ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் கரண்ட்ட வீட்டு கரண்ட்டா மாத்தி ஈபி லைனோட சேர்ந்து ஓடுற மெஷின், பேட்டரி கிடையாது) மாட்டினோம். வீட்டு சோலாருக்கு மத்திய அரசு குடுக்குற பிஎம் சூர்யா கர் மானியம் 78,000 ரூபாய் ஒழுங்கா அக்கவுண்ட்ல ஏறிருச்சு. நல்ல வெயில் நாள்ல 13, 14 யூனிட் வருது, பில்லு நல்லா குறைஞ்சிருச்சு, மோட்டார், கிரைண்டர், ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாத்தையும் பகலுக்கே மாத்திட்டோம்.

ஆனா ஒன்னு தெரிஞ்சுக்கங்க, ஈபி கரண்ட் போச்சுன்னா இதுவும் நின்னுரும். மாட்டின முதல் வாரமே ஷட்டவுன், உச்சி வெயில்ல மாடில ஆறு பேனலும் காயுது, கீழ ஃபேன் சுத்தல, "இதுக்கா இவ்ளோ காசு குடுத்த"ன்னு அம்மா கேக்குறாங்க. மாட்டிவிட்டவங்க இதப்பத்தி ஒரு வார்த்தை சொல்லல, அந்தக் கோவம் இன்னும் இருக்கு. ஆனா அப்படி வச்சிருக்கறது சரிதான், லைன்ல கரண்ட் இல்லன்னு நம்பி கம்பத்துல ஏறுற லைன்மேன் மேல நம்ம வீட்டு கரண்ட் பாயக்கூடாதுல்ல. கட் ஆகாம வேணும்னா பேட்டரியோடயும் ஓடுற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கணும், செலவு எகிறும். நாங்க பழைய யூபிஎஸ்ஸ வச்சே ஓட்டுறோம்.

இன்னொன்னு, அக்னி நட்சத்திரத்துல அள்ளிக் குடுக்கும்னு நினைச்சேன், அப்படி இல்ல. பேனலோட வாட் கணக்கு 25 டிகிரிக்குப் போட்டது, அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும், பேனல் 65 டிகிரி சூடானா 14 சதவீதம் போச்சு. எங்களுக்கு மாசி, பங்குனிதான் பெஸ்ட்.

கழுவுறது காலைல ஆறு மணிக்கு, கண்ணாடி சூடேறுறதுக்கு முன்னாடி. போர் தண்ணி ஊத்தி அப்படியே விட்டா வெள்ளை வெள்ளையா உப்புத் திட்டு நிக்கும், உடனே வைப்பர் போட்டு இழுத்துரணும்.

பெரிய தப்பு தண்ணி டேங்க்ல நடந்தது. பேனலுக்குத் தெக்க டேங்க், பங்குனில சூரியன் தலைக்கு மேல இருந்ததால நிழலே தெரியல, கார்த்திகைல சூரியன் தெக்க சாஞ்சதும் நிழல் நீண்டு ரெண்டு பேனல் மேல விழுந்துச்சு, எல்லா பேனலும் ஒன்னோட ஒன்னு வரிசையா கோத்த ஒரே சீரிஸ்ங்கறதால மொத்த யூனிட்டும் அடி வாங்குச்சு. கடைசில பிளம்பரைக் கூப்ட்டு டேங்கை வடக்க தள்ளினோம். ஆனில சூரியன் வடக்க போனாலும் மத்தியானம் நிழல் குட்டையாத்தான் விழுது, பேனலத் தொடல.