மியூசியத்துக்கு நான் தூக்கிட்டுப் போற கிட்: பென்சில், 50எம்எம் லென்ஸ், வாட்டர்கலர் டப்பா (பல வருஷ அனுபவம்)

பொழுதுபோக்கா வரையிறவங்க அடிக்கடி கேக்குற ஒரு விஷயம், மியூசியம் போறப்ப கேமரா வேணுமா இல்ல நோட்டும் பென்சிலுமே போதுமான்னு. நான் பல வருஷமா ரெண்டையும் ஒரே பையில போட்டுத்தான் சுத்துறேன், அதனால என் பதில் ரொம்ப நேரடியானது. ரெண்டும் வேணும், ஆனா எதை முதல்ல வெளிய எடுக்குறோம்ங்கிறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. பென்சில் முதல்ல, கேமரா அதுக்கப்புறம்.

லிண்டா ஹென்கல்னு ஒரு உளவியல் ஆய்வாளர் இதை ஒரு மியூசியத்துக்குள்ளயே சோதிச்சுப் பாத்து 2014ல வெளியிட்டாங்க. ஒரு பொருளை முழுசா போட்டோ எடுத்தவங்களுக்கு, சும்மா நின்னு பாத்தவங்களை விட அந்தப் பொருள் கம்மியாத்தான் ஞாபகம் இருந்துச்சாம். ஆனா ஒரு பகுதியை மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவங்களுக்கு அந்த இழப்பு வரல, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். ஏன்னா ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கணும்னா அதை முதல்ல உத்துப் பாத்தே ஆகணும். வரையிறதுலயும் நடக்குறது இதேதான்.

என்னோட நீண்ட கால ப்ராஜெக்டும் இப்படித்தான் உருவாச்சு, சிலைகள்லயும் உருவப்படங்கள்லயும் இருக்குற கைகளை மட்டும் வரையிறது, கைகளை மட்டும் போட்டோ எடுக்குறது. முகத்தை விட்டுட்டு கையை மட்டும் பாக்க ஆரம்பிச்சா ஒவ்வொரு ஹால்லயும் வேலை இருக்கு. விரல் முட்டிகள் நேர்கோட்டுல இல்ல, வில் மாதிரி வளைஞ்சு நடு விரல்கிட்ட உச்சிக்குப் போகுது. சுண்டு விரல் நுனி மோதிர விரலோட கடைசிக் கணு பக்கத்துல முடியுது, இது போட்டோவுலயும் இருக்கத்தான் செய்யுது, ஆனா பென்சிலால அளந்து வச்சப்பதான் என் கண்ணுல பட்டுச்சு. நல்ல சிற்பிங்க சுண்டு விரலை மத்த விரல்களோட ஒட்ட வைக்காம லேசா பிரிச்சு விட்டிருப்பாங்க, அந்தச் சின்ன இடைவெளியில விழுற நிழல்தான் கல்லுக்கு உயிர் குடுக்குது.

பென்சில் விஷயத்துல பெரிய ஆராய்ச்சியே தேவையில்ல. பெரும்பாலான மியூசியங்கள்ல உலர்ந்த பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி, இங்க், பெயிண்ட், தண்ணி எதுவும் உள்ள கூடாது, அதுல நியாயமும் இருக்கு. நான் ஒரு 2பி பென்சில், ஒரு வெள்ளை பென்சில், சாம்பல் நிறத் தாள் இருக்குற நோட்டு வச்சிருக்கேன். சிலை வரைய சாம்பல் தாள் மாதிரி வசதி வேற இல்ல, நடு டோன் ஏற்கனவே தாள்ல இருக்கு, நிழலை கருப்பாலயும் வெளிச்சத்தை வெள்ளையாலயும் போட்டா உருவம் தானா எழும்பி வந்துரும், நேரமும் பாதியாகுது. பாரிஸ்ல இருக்குற லூவர் மியூசியத்துல முன் அனுமதி வாங்கினா ஈசல் (படம் வைக்கிற ஸ்டாண்ட்) போட்டு ஆயில் பெயிண்ட்லயே காப்பி பண்ணலாம், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துல இருந்து வர்ற வழக்கம் அது, ஒரே கண்டிஷன் காப்பி மூலப்படத்தோட அதே சைஸ்ல இருக்கக் கூடாது.

இப்ப லென்ஸ். என்கிட்ட இருக்குறது ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவும் ஒரு சாதாரண 50எம்எம் எஃப்/1.8 லென்ஸும். எஃப் நம்பர் சின்னதா இருந்தா லென்ஸ் அகலமா திறக்கும், வெளிச்சம் அதிகமா உள்ள வரும். ஜூம் லென்ஸும் இருக்கு, அது வீட்டுலயே இருந்துரும். காரணம் வெளிச்சம். வாட்டர்கலர், தாள், துணி இதெல்லாம் வெளிச்சம் பட்டா மங்கிடும்னு மியூசியங்கள் பொதுவா 50 லக்ஸ் (லக்ஸ்ங்கிறது வெளிச்சத்தை அளக்குற அலகு) அளவுலதான் வச்சிருப்பாங்க, ஆயில் பெயிண்டிங்குக்கு 200 லக்ஸ் பக்கம் போகலாம். 50 லக்ஸ்ல எஃப்/2, ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 1600 வச்சா 1/80 செகண்ட் ஷட்டர் நேரம் கிடைக்கும், கையில பிடிச்சு எடுக்க அது போதும். ஆனா கேமராவோடயே வர்ற, எஃப்/5.6ல திறக்குற கிட் லென்ஸ்ல அதே வெளிச்சத்துக்கு 1/10, நிச்சயம் ஆடும். டிரைபாடும் ஃப்ளாஷும் பெரும்பாலான இடங்கள்ல உள்ள விடமாட்டாங்க, அதனால அகலமா திறக்குற லென்ஸ் ஒண்ணுதான் வழி. ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமை விடச் சின்ன) சென்சார் வச்சிருக்கவங்க 35எம்எம் வாங்கிக்கங்க, 50 அதுல 75 மாதிரி ஆயிரும், சின்ன ரூம்ல பின்னாடி நகர இடமே இருக்காது.

பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஹென்றி கார்ட்டியே-பிரஸ்ஸோன் வாழ்க்கை பூரா பெரும்பாலும் 50எம்எம்லயே எடுத்தவர், அதை விட எனக்கு முக்கியமாப் படுறது அவர் முதல்ல ஓவியர் ஆந்த்ரே லோட் கிட்ட ஓவியம் கத்துக்கிட்டவர், 1970கள்ல கேமராவைப் பெரும்பாலும் ஓரங்கட்டிட்டு மறுபடி பென்சிலுக்கே போனவர். இந்த லென்ஸ் ரொம்ப நாள் கையில இருந்தா ஏன்னு புரியும், ஜூம் பண்ண முடியாது, நடந்துதான் ஃபிரேம் பண்ணணும், அந்த நடையிலயே சிலை நாலு விதமா மாறிப் போகுது.

குறைகளும் இருக்கு. எஃப்/1.8ல ஓரங்கள் குழைஞ்சு வரும், தட்டையான பெயிண்டிங்குக்கு எஃப்/2.8ஐ விடப் பெரிய நம்பருக்கு, அதாவது திறப்பைக் குறைச்சு, போயே ஆகணும். கிட்டத்துல போனா ஃபோகஸ் நிக்காது, நாணயம், மோதிரம், நுணுக்கமான நகை இதுக்கெல்லாம் இது லென்ஸே இல்ல, கிட்டத்துல எடுக்குற மேக்ரோ லென்ஸ்தான். ஆட்டோஃபோகஸ் மோட்டார் சத்தம் அமைதியான ஹால்ல நல்லாவே கேக்குது, என் லென்ஸ்ல போகப் போக அது கூடிக்கிட்டே வருது. சத்தத்துக்குப் பயந்து எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனீங்கன்னா சில எல்இடி விளக்குக்குக் கீழ படத்துல பட்டை பட்டையா விழும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இருக்குற ஊர்கள்ல 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் ஊர்கள்ல 1/60 அல்லது 1/120 வச்சா பெரும்பாலும் போயிரும்.

கண்ணாடிப் பெட்டி ரிஃப்ளெக்‌ஷன் பத்தி நிறைய பேர் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னாடி மாட்டுற ஃபில்டர்) வாங்கச் சொல்லுவாங்க. நான் வாங்கி ரொம்ப நாள் யூஸ் பண்ணிட்டுத்தான் சொல்றேன், மியூசியத்துக்கு அது சுமை. கண்ணாடிக்கு நேர் செங்குத்துல இருந்து சுமார் 56 டிகிரி சாய்ஞ்சு நின்னாதான் அது முழுசா வேலை செய்யும், நேரா முன்னாடி நின்னு எடுத்தா பிரதிபலிப்பு போலரைஸே ஆகாது, ஃபில்டரை எவ்வளவு திருப்பினாலும் ஒண்ணும் நடக்காது. அதுக்கு மேல ஒன்றரை ஸ்டாப் (கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு) வெளிச்சத்தையும் சாப்பிட்டுரும், 50 லக்ஸ்ல அந்த ஒன்றரை ஸ்டாப் உயிர். லென்ஸ் முனையில மாட்டுற மடங்குற ரப்பர் ஹூடும் கருப்புச் சட்டையும் அதை விட எவ்வளவோ மேல். ஹூடை கண்ணாடிக்கு ரொம்பக் கிட்ட கொண்டு போங்க (தொட விடுவாங்களான்னு முதல்ல செக்யூரிட்டி கிட்ட கேட்டுக்கங்க), கருப்புச் சட்டை போட்டா நம்ம நிழலுருவம் கண்ணாடியில தெரியாது. ஃபோகஸை மட்டும் கையால பண்ணிக்கங்க, இல்லன்னா லென்ஸ், பெட்டியோட கண்ணாடி மேல இருக்குற கைரேகையைப் பிடிச்சு வச்சுக்கும்.

முழுப் பெயிண்டிங்கையும் எடுக்குறதை நான் விட்டே ரொம்ப காலமாச்சு. ஆம்ஸ்டர்டாம்ல இருக்குற ரைக்ஸ்மியூசியம் 2012ல ரைக்ஸ்ஸ்டூடியோங்கிற இணையப் பகுதியை ஆரம்பிச்சு அவங்க கலெக்‌ஷனை பெரிய ரெசல்யூஷன்ல இலவசமா குடுத்தாங்க, நியூயார்க் மெட் மியூசியம் 2017ல பொதுச் சொத்தான படைப்புகளோட படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாம திறந்து விட்டாங்க. ரெம்பிராண்டோட நைட் வாட்ச் 2022ல 717 கிகாபிக்சல்ல (71,700 கோடி பிக்சல்) வெளிவந்துச்சு, ஒரு பிக்சலுக்கும் அடுத்ததுக்கும் தூரம் 5 மைக்ரான் (0.005 மில்லிமீட்டர்). கூட்டத்துக்கு நடுவுல கையை உயர்த்தி நாம எடுக்குறது அதுக்குப் பக்கத்துல கூட வராது. அதனால அவங்க எடுக்காததை எடுக்குறேன். சிலையோட முதுகு, சிலை சுவர்ல போடுற நிழல், பக்கவாட்டுல இருந்து பாத்தா மேடும் பள்ளமுமா தெரியுற பிரஷ் தடம். என் ஹார்ட் டிஸ்க்ல திரும்பத் திரும்பத் திறந்து பாக்குறதெல்லாம் இந்த மாதிரிப் படங்கள்தான்.

வாட்டர்கலர் டப்பா உள்ள போகாது, வெளிய பெஞ்சுல உக்காந்துதான் திறப்பேன். உள்ள இருக்கும்போது ஸ்கெட்ச் மேலயே கலரை எழுத்தால குறிச்சுக்கிறேன், "நிழல் ஓக்கர்+அல்ட்ராமரைன், காது ஓரம் சூடு" இப்படி (ஓக்கர் மண் மஞ்சள், அல்ட்ராமரைன் அடர் நீலம், சூடுன்னா சிவப்பு, மஞ்சள் பக்கம் சாயுற நிறம்). நினைவு சூடா இருக்கும்போதே வெளிய வந்து அதை வச்சு பூசினா, வீட்டுக்குப் போய் போட்டோ பாத்து பூசுறதை விட நிறம் உண்மையா வருது, கேமரா அந்த மஞ்சள் விளக்கை அதோட இஷ்டத்துக்குத் திருத்திருது. டப்பால அரை பேன் (சின்னக் கட்டி) சைஸ்ல கொஞ்சம் கலர்தான், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன், ஒரு சிவப்பு, இன்னும் ரெண்டு மூணு.

அந்த சிவப்பு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. டப்பாவோட வந்தது அலிசரின் கிரிம்சன், பிக்மெண்ட் நம்பர் (நிறப்பொடியோட அடையாள எண்) பிஆர் 83. ஒரு தாள்ல எல்லாக் கலரையும் பட்டையா பூசி, பாதியை அட்டையால மூடி ஜன்னல்ல ஒட்டி வச்சிருந்தேன், மத்த கலரெல்லாம் அப்படியே இருக்க இது மட்டும் திறந்த பக்கம் வெளுத்துப் போச்சு. வான்கோவோட 1888 படுக்கையறை ஓவியத்துலயும் இதுதான் நடந்துருக்கு, சுவர் வெளிர் ஊதான்னு அவரே கடிதத்துல எழுதியிருக்கார், சிவப்பு மங்கிப் போய் இன்னைக்கு நமக்குத் தெரியுறது நீலச் சுவர். அந்தப் படம் முன்னாடி நிக்கிறப்ப மனசு கனத்துப் போகுது. இப்ப நான் யூஸ் பண்றது குவினாக்ரிடோன் ரோஸ், பிவி 19, ஜன்னல் சோதனையில அசையல. டப்பா மேல போட்டிருக்குற பேரைப் பாக்காதீங்க, பிக்மெண்ட் நம்பரைப் பாருங்க.

கைப்பிடிக்குள்ளயே தண்ணி நிரப்புற தண்ணி பிரஷ் வசதிதான், கப் தேவையில்ல. ஆனா பெரிய வாஷ் (பெரிய பரப்புல ஒரே சீரா பூசுறது) போட லாயக்கில்ல, அழுத்தம் கொஞ்சம் கூடினாலே குளம் கட்டிரும், நைலான் முடியும் ஒரு கட்டத்துல நுனி பிரிஞ்சுரும். மடக்குற டிராவல் பிரஷ் ஒண்ணு கூட வச்சுக்கங்க.

தாள் 300 ஜிஎஸ்எம் (தடிமனான) பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசா சொரசொரப்பானது). இதே எடைப் பருத்தித் தாள்ல சயனோடைப்பும் (வெயில்ல நீலமா அச்சாகுற பழைய போட்டோ முறை) போடுறேன், கைகள் போட்டோவை டிரான்ஸ்பரன்சி ஷீட்ல நெகட்டிவா பிரிண்ட் எடுத்து, ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்து பூசின தாள் மேல வச்சு வெயில்ல காட்டுறது. 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச முறை, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் கடல்பாசிகளை இப்படி அச்சடிச்சு புத்தகமா வெளியிட ஆரம்பிச்சாங்க. இதுல தாள் தேர்வு வேற மாதிரி. பல நல்ல வாட்டர்கலர் தாள்கள்ல நீண்ட நாள் நிக்கட்டும்னு கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பாங்க, அந்தக் காரத்தன்மை சயனோடைப்போட ப்ரஷ்யன் நீலத்துக்கு ஆகாது, போகப் போக நீலம் செத்துரும். பஃபர் பண்ணாத (கார்பனேட் சேர்க்காத) தாள்னு கேட்டு வாங்குங்க. வெளிச்சத்துல மங்கின சயனோடைப்பை இருட்டுல காத்துப் படுற மாதிரி வச்சா நிறம் பெரும்பாலும் திரும்பி வந்துரும், காரத்தால போனது அப்படித் திரும்பாது.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாங்க வேண்டாம். ஏற்கனவே ஒரு கேமரா இருந்தா 50 இல்லன்னா 35 லென்ஸ் பழசா வாங்குங்க, கண்ணாடிக்குள்ள பூஞ்சை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. கேமராவே இல்லன்னா கவலைப்படாதீங்க, கைகள் ப்ராஜெக்ட்டுக்கு ஃபோனும் சாம்பல் நோட்டும் தாராளமா போதும், ஃபோன்ல டெலி லென்ஸ் இருந்தா அதை யூஸ் பண்ணுங்க, வைடு லென்ஸை கிட்ட கொண்டு போனா முன்னாடி இருக்குற விரல் மட்டும் வீங்கித் தெரியும்.