பில்லில் அமெரிக்கப் பாகம், உள்ளே பழைய இரும்பு: சைகா-12 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஊரில் இருந்தவரை நான் பார்த்த ஒரே துப்பாக்கி, பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி அண்ணனின் இரட்டைக்குழல்தான். டெக்சாஸ் வந்து பதினோரு வருடம் ஆகிறது. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு, ஆபீஸ் நண்பர் ஒருவர் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார். பறக்கும் களிமண் தட்டைச் சுடுவதில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல அது ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகி, ஒரு நாள் பழைய சைகா-12 ஒன்றை வாங்கிவிட்டேன். ரஷ்யாவில் இஷெவ்ஸ்க் நகரத்தில் செய்த ஷாட்கன். ஏகே-47 குடும்பத்தின் பங்காளி. 2014-ல் அந்தத் தயாரிப்பாளர் மேல் அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டதிலிருந்து புதிதாக வருவதில்லை, அதனால் பழசுக்கே கிராக்கி.

இந்தப் பதிவு அதை மாற்றியமைக்கப் போய் நான் ஏமாந்த கதை. பணம் 640 டாலர் போனது ஒரு பக்கம். நான்கு மாதம் என்னை அறியாமலே மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன், அதுதான் இன்னும் அடங்கவில்லை.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாற்று எங்கே நடந்தது என்று புரியாது. அமெரிக்காவுக்குள் வரும் ஷாட்கன் ‘விளையாட்டு உபயோகத்துக்கு’ ஏற்றதாக இருக்க வேண்டும். மடக்கும் ஸ்டாக் (தோளில் அணைக்கும் பின்கட்டை), ஐந்து தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின் (தோட்டாப் பெட்டி), டிரம் மேகசின், முன்பக்கக் கைப்பிடி இதெல்லாம் இருந்தால் அப்படி ஏற்க முடியாது என்று துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப் 2011-ல் ஓர் ஆய்வறிக்கையில் பட்டியலே போட்டது. அதனால்தான் சைகா நம் கைக்கு வரும்போது சாதுவாக, வேட்டைத் துப்பாக்கி மாதிரி நீளமான ஸ்டாக்கோடும் ஐந்து தோட்டா மேகசினோடும் வந்தது. வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமா? மாற்றலாம், ஆனால் அங்கேதான் 922ஆர் நிற்கிறது. ஃபெடரல் துப்பாக்கிச் சட்டத்தில் 1990-ல் வந்த பிரிவு. அதன் விதி (27 சிஎஃப்ஆர் 478.39) இருபது பாகங்களைப் பட்டியல் போட்டு, இறக்குமதிக்குத் தடையான வடிவத்தில் ஒரு ஷாட்கனைப் பூட்டினால், அதாவது பாகங்களைச் சேர்த்து அமைத்தால், அந்த இருபதில் வெளிநாட்டுப் பாகம் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது.

என் சைகாவில் அந்தப் பட்டியலில் வருபவை இவை: ரிசீவர், பேரல், ட்ரனியன், போல்ட், போல்ட் கேரியர், கேஸ் பிஸ்டன், ட்ரிகர், ஹேமர், டிஸ்கனெக்டர், ஸ்டாக், ஃபோர்எண்ட். அப்புறம் மேகசினில் மூன்று: பாடி, ஃபாலோயர், ஃப்ளோர்ப்ளேட். ஆமாம், ஒரு மேகசின் மூன்று பாகமாக எண்ணப்படும். மொத்தம் பதினான்கு. நான்கை அமெரிக்கத் தயாரிப்பாக மாற்றினால் பத்து. கணக்கு அவ்வளவுதான், மூன்றாம் வகுப்புக் கழித்தல்.

நான் கேட்டது மடக்கும் ஸ்டாக், பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கி மாதிரிப் பிடி), பத்து தோட்டா மேகசின். கிரிப் வைக்க வேண்டுமென்றால் சைகாவில் ட்ரிகரை முன்னால் நகர்த்த வேண்டும், அதனால் ட்ரிகர், ஹேமர், டிஸ்கனெக்டர் மூன்றையும் புதிதாகப் போடுவதுதான் வழக்கம். அமெரிக்கத் தயாரிப்பாகப் போட்டால் ஒரே கல்லில் மூன்று. அதோடு ஸ்டாக் நான்கு. கிரிப்பும் அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் கணக்கில் ஏறாது.

நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, வீட்டுக்குப் பின்னால் கராஜில் வேலை செய்யும் ஒரு கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி மெக்கானிக். ரேஞ்சில் யாரோ சொல்லித்தான் போனேன். சுவரெல்லாம் கழற்றிப்போட்ட துப்பாக்கிகள், மூலையில் லேத், காலடியில் தூங்கும் நாய். பேச்சு தேன். 922ஆர் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவரே விரல் விட்டு எண்ணிக் காட்டினார். துப்பாக்கியை வாங்கி மேசையில் வைத்தார், ஒரு நோட்டிலும் எழுதவில்லை. நல்ல மனுஷன், சடங்கு சம்பிரதாயம் இல்லை என்று அப்போது நினைத்தேன். துப்பாக்கி வேலையைத் தொழிலாகச் செய்பவருக்குப் ஃபெடரல் லைசென்ஸ் வேண்டும், இரவு தங்கும் துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. கேட்கக் கூச்சமாக இருந்தது. நம் ஆட்களுக்கே உரிய கூச்சம் அது: வயதில் மூத்தவரிடம் ‘உன் லைசென்ஸைக் காட்டு’ என்று எப்படிக் கேட்பது?

ஆறு வாரம் என்றவர் ஐந்து மாதம் இழுத்தார். போன் எடுக்க மாட்டார், எடுத்தால் முதுகு வலி, பாகம் வரவில்லை, மருமகன் கல்யாணம். ஒரு வழியாகக் கையில் வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பில்லில் ஒரே வரி: ‘கன்வெர்ஷன், 922ஆர் கம்ப்ளையன்ட், யூஎஸ் பார்ட்ஸ்’. எந்தப் பாகம், யார் தயாரிப்பு, ஒன்றும் இல்லை. நானும் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பத்து தோட்டா மேகசின் அமெரிக்கத் தயாரிப்பு. ஆனால் மூன்றாவது தோட்டாவில் சிக்கிக்கொண்டே இருந்தது. சரி, பழைய ரஷ்ய ஐந்து தோட்டா மேகசினை மாட்டிச் சுடுவோம் என்று நாலு மாதம் அதைத்தான் பயன்படுத்தினேன். அதுவும் லேசான பறவைக் குண்டில் முழுதாக இயங்கவில்லை. வாயு அழுத்தத்தை மாற்றும் கேஸ் குமிழை 1-க்கும் 2-க்கும் திருகித் திருகிப் பார்த்து அலுத்துப் போய், ஒழுங்கான கடை வைத்திருக்கும் இன்னொரு கன்ஸ்மித்திடம் எடுத்துப் போனேன். எழுபது வயது இருக்கும், பழைய மெஷினிஸ்ட். முதலில் பதிவேட்டில் சீரியல் நம்பரை எழுதினார். அப்புறம் மேல்மூடியைக் கழற்றினார். டார்ச்சை உள்ளே அடித்து, ரொம்ப நேரம் பேசவில்லை.

“இந்த ஹேமரை யார் போட்டது?” என்றார்.

குனிந்து பார்த்தேன். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் இந்த மாதிரி பாகத்தில் பெரும்பாலும் தங்கள் பெயரையோ ‘யூஎஸ்ஏ’ என்றோ பொறித்திருப்பார்கள். இதில் எதுவும் இல்லை. ஓரத்தில் மட்டும் எலெக்ட்ரிக் பேனாவால் கிறுக்கிய ஓர் எண்ணை அரம் வைத்துத் தேய்த்த தடம். மூன்று இலக்கம் போய், கடைசி 4 மட்டும் பாதி மிச்சம். கறுப்பு பூச்சு விளிம்பில் தேய்ந்து உள்ளே இருந்த இரும்பு பளபளத்தது. புதுப் பாகம் அப்படி இருக்காது. ட்ரிகரும் டிஸ்கனெக்டரும் அதே கதி. எங்கிருந்தோ இறக்குமதியான பழைய ஏகே உதிரிபாகக் கிட்டிலிருந்து பிடுங்கிப் போட்டது என்றார் பெரியவர்.

ஆக, நான்கு அமெரிக்கப் பாகம் என்று நினைத்த இடத்தில் ஒன்றே ஒன்று, ஸ்டாக். மேகசின் அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் பதினான்கில் ஸ்டாக் ஒன்று, மேகசின் மூன்று போக பத்து. தப்பித்தோம். பழைய ரஷ்ய மேகசினை மாட்டினால் பதின்மூன்று. அதாவது ஒரே துப்பாக்கி, மேகசின் மாறும்போது சட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் போய்ப் போய் வந்திருக்கிறது. நானோ நாலு மாதம் ரஷ்ய மேகசினோடுதான் சுட்டிருக்கிறேன். ஐந்து தோட்டாதானே, அதுதான் பாதுகாப்பு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்! மடக்கும் ஸ்டாக் ஒன்று போதும், வடிவம் தடைப் பட்டியலில் விழுந்துவிடும். அதற்கப்புறம் தோட்டா எண்ணிக்கை குறைவு என்பது காப்பாற்றாது.

பழைய ஆளுக்குப் போன் போட்டேன். அதிசயமாக எடுத்தார். “அமெரிக்க மேகசின் கொடுத்தேனே, அதையே போடு, கணக்கு சரியாகிவிடும். இதற்காக யாரும் உள்ளே போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை” என்றார். அப்படியானால் பில்லில் மூன்று பாகத்துக்கு ஏன் காசு வாங்கினீர்கள் என்று கேட்டதும் லைன் கட். லைசென்ஸ் எண்ணைக் கேட்டு அனுப்பிய மெசேஜுக்கு இன்றுவரை பதில் இல்லை. எண் கொடுத்திருந்தால் ஏடிஎஃப் தளத்தில் எஃப்எஃப்எல் ஈஸி செக் என்ற பக்கத்தில் இலவசமாகச் சரிபார்த்திருக்கலாம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டியது நான்.

மறுநாள் வக்கீலிடம் போனேன். அரை மணிக்கு 250 டாலர். இந்த விஷயத்தில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான காசு அது. அவர் சொன்னதில் இரண்டு விஷயம். ஒன்று, சட்டம் தடுப்பது ‘பூட்டுவதை’. முதலில் பூட்டியவர் அந்த ஆள்தான், ஆனால் ரஷ்ய மேகசினை மாட்டியது என் கை. இரண்டு, ‘தெரிந்தே மீறினால்’ ஐந்து வருடம் வரை சிறை. நேற்றுவரை தெரியாது என்று சொல்லலாம், இன்று தெரிந்துவிட்டது. இனி அந்த மேகசினைத் தொட்டால் தெரிந்தே செய்ததாகத்தான் ஆகும்.

அப்புறம் அவர் என் கிரீன் கார்டைப் பற்றிக் கேட்டார். எனக்கு வயிறு கலங்கியது அங்கேதான். குடியுரிமை இல்லாதவர் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், நாடு கடத்துவதற்கு அதுவே தனிக் காரணமாக குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு அபராதத்தோடு முடியக்கூடிய ஒன்று நமக்கு வீடு, வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். எச்1பி-யில் இருப்பவர்கள் இந்தப் பேச்சுக்கே வர வேண்டாம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே அவர்களுக்குக் குற்றம். கலிஃபோர்னியா நண்பர்களே, உங்கள் மாநிலத்தில் கழற்றி மாட்டும் மேகசின் உள்ள செமி-ஆட்டோ ஷாட்கன் என்றாலே தனிச் சட்டம், என் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

பெரியவர் மூன்று பாகத்தையும் புதிய அமெரிக்கத் தயாரிப்பாகப் போட்டுக் கொடுத்தார். மூன்று பாகத்துக்கும் சேர்த்து 70, கூலிக்கு 110. அதாவது 70 டாலரை மிச்சம் பிடிக்க அந்த மனுஷன் என்னை அந்தக் குழியில் இறக்கியிருக்கிறான். மரியாதை எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள், எழுதும்போதே கோபம் வருகிறது. இப்போது ரஷ்ய மேகசின் மாட்டினாலும் பத்துதான். பெரியவர் பில்லில் ஒவ்வொரு பாகமும் தனி வரி, தயாரிப்பாளர் பெயரோடு. கேட்காமலே பொறிப்புத் தெரியும்படி மூன்று போட்டோவும் எடுத்துக் கொடுத்தார். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் இந்த மாதிரி பில் எழுதச் சொல்லுங்கள். எழுத முகம் சுளித்தால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெளிநாட்டு மேகசினை மாட்டினாலும் பத்தைத் தாண்டாதபடி கேளுங்கள், ஏனென்றால் மேகசின் மாறும், ஹேமர் மாறாது. கையில் வாங்கியதும் வெட்கப்படாமல் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

டெக்சாஸில் ஏமாற்று வியாபாரத்துக்கு எதிரான டிடிபிஏ சட்டத்தின்படி அறுபது நாள் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், பதிவுத் தபாலில். அதற்கு மேல், சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஜஸ்டிஸ் கோர்ட். என் மனைவி, “அந்த 640-ஐத் திருப்பதி உண்டியலில் போட்டதா நினைச்சுக்கோங்க” என்கிறாள். முடியாது. அரம் தேய்த்த அந்த ஹேமரை ஜிப்லாக் பையில் போட்டு, ஒற்றை வரி பில்லோடு சேர்த்து மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். நோட்டீஸ் போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.