முன்சக்கரமா, நான்கு சக்கரமுமா? தினமும் ஓட்டும் வேகக் காருக்கு எது பொருந்தும்?

பனி கொட்டாத ஊர், 300 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின், வாரத்தில் ஐந்து நாள் அலுவலகப் பயணம். இந்த மூன்றும் உங்களுக்குப் பொருந்தினால், நல்ல டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் அமைப்பு) உள்ள முன்சக்கர இயக்கக் காரை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் முதல்தரமான டயர்களைப் போடுங்கள். என் கட்சி இதுதான். ஆனால் நான்குசக்கர இயக்கத்தை வெறும் விளம்பர ஜாலம் என்று ஒதுக்குபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அது எங்கே உதவுகிறது, எங்கே உதவாது என்பது தெளிவாகிவிட்டால் முடிவெடுப்பது எளிது.

கார் வேகமெடுக்கும்போது அதன் எடை பின்பக்கம் சாய்கிறது. எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்சக்கர இயக்கக் கார்களில் நிற்கும்போது மொத்த எடையில் 60 சதவீதம் அல்லது அதற்கும் மேல் முன் அச்சின் மீது இருக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்திய கணத்தில் அந்தப் பாரம் குறையத் தொடங்குகிறது. அதாவது, பிடிமானம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் இழுக்கும் சக்கரங்கள் இலகுவாகின்றன. போதாக்குறைக்கு, காரைத் திருப்புவதும் அதே இரண்டு சக்கரங்களின் வேலை. ஒரே கையால் குடையும் பிடித்துப் பையும் தூக்குவது போன்ற நிலை அது. நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

எண்களில் பார்ப்போம். ஐரோப்பாவில் விற்கப்பட்ட ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரின் திறன் 329 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் வெளிவந்தபோது அதன் திறன் 320 குதிரைத்திறன், நான்குசக்கர இயக்கம். இரண்டின் முறுக்குவிசையும் 420 நியூட்டன் மீட்டர். ஆனால் நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட டைப் ஆர் 5.4 விநாடி எடுத்துக்கொள்கிறது. கோல்ஃப் ஆர் 4.7 விநாடியில் முடித்துவிடுகிறது. டைப் ஆரில் கைகியர் மட்டும்தான், கோல்ஃப் ஆரில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும், புறப்படும் அந்த முதல் சில மீட்டர்களில் நான்கு சக்கரங்களின் பலம் மறுக்க முடியாதது.

புறப்பட்ட பிறகு என்ன ஆகிறது? ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே தடத்தில் டைப் ஆர் 2023இல் 7 நிமிடம் 44.881 விநாடியில் ஒரு சுற்றை முடித்தது. கோல்ஃப் ஆரின் 333 குதிரைத்திறன் கொண்ட '20 இயர்ஸ்' பதிப்பு அதே தடத்தில் எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 47.31 விநாடி. இவை இரண்டும் வேறு நிறுவனங்களின் கார்கள், டயரும் வேறு என்று விலக்கிவிடலாம். ஆனால் ஃபோக்ஸ்வாகன் தன்னுடைய முன்சக்கர இயக்க கோல்ஃப் ஜிடிஐயின் 'எடிஷன் 50' பதிப்பை 2025இல் அங்கே ஓட்டி, 7 நிமிடம் 46.13 விநாடி என்று அறிவித்தது. குறைந்த திறனும் இரண்டே இயங்கு சக்கரங்களும் கொண்ட கார், தன் வீட்டு அண்ணனையே முந்திவிட்டது! இது நாள்தோறும் ஓட்டுபவருக்கு நேரடியாகப் பயன்படும் கணக்கல்ல. எடை, டயர், சஸ்பென்ஷன் ஆகியவை எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையவை என்பதற்கான சான்று அது.

முன்சக்கர இயக்கம் இந்த இடத்துக்கு வந்ததற்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். வளைவில் இலகுவான உள்பக்கச் சக்கரம் சுழலத் தொடங்கினால், வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கும். அதைத் தடுக்க வந்ததுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். டைப் ஆரில் அது பற்சக்கர அமைப்பு. ஹூண்டாய் ஐ30 என், எலான்ட்ரா என் கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிளட்ச். அடுத்த தொல்லை, வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் தானாக ஒருபக்கம் இழுப்பது. இதற்காக ஃபோர்டு 2009ஆம் ஆண்டின் ஃபோகஸ் ஆர்எஸ்ஸில் 'ரெவோநக்கிள்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. ஸ்டீயரிங் திரும்பும் அச்சை ஸ்ட்ரட் எனும் சஸ்பென்ஷன் தூணிலிருந்து பிரித்து, சக்கரத்தின் மையத்துக்கு அருகே கொண்டுவருவதே அதன் தந்திரம். டைப் ஆரின் இரட்டை அச்சு ஸ்ட்ரட்டும் அதே சிந்தனையில் பிறந்ததுதான். விலை குறைந்த கார்களில் டிஃபரன்ஷியலுக்குப் பதிலாக, சுழலும் சக்கரத்தை பிரேக் போட்டு அடக்கும் மென்பொருள் மட்டும் இருக்கும். அன்றாட ஓட்டத்துக்கு அது போதும்; ஆனால் மலைப்பாதையில் தொடர்ந்து விரட்டினால் பிரேக் சூடேறும்.

மழை ஓய்ந்த மாலை. முக்கியச் சாலையில் சேருவதற்காகக் குறுக்குச் சாலையின் முனையில் நிற்கிறீர்கள். வாகனங்களுக்கு நடுவே சிறிய இடைவெளி கிடைக்கிறது. ஸ்டீயரிங்கை ஒடித்தபடி ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். முன்சக்கர இயக்கத்தில் உள்பக்க டயர் ஈரமான வெள்ளைக் கோட்டின் மீது வழுக்கிச் சுழல்கிறது, கையில் ஒரு துடிப்பு தெரிகிறது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னுகிறது, எஞ்சின் தன் விசையைக் குறைத்துக்கொள்கிறது. அரை விநாடிதான் என்றாலும் பக்கவாட்டில் லாரி வரும்போது அது நீண்ட அரை விநாடி. நான்குசக்கர இயக்கத்தில் இந்தச் சலசலப்பு எதுவும் இல்லை. கார் அப்படியே கிளம்பிவிடுகிறது. அன்றாட வாழ்வில் அதன் உண்மையான அருமை இந்த மாதிரி இடங்களில்தான். கூடுதல் விலைக்கு இது ஈடா என்பதை, இப்படிப்பட்ட முனைகள் உங்கள் வழியில் எத்தனை என்பதை வைத்து நீங்களே சொல்லிவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் ஏமாந்துவிடக் கூடாது. நான்குசக்கர இயக்கம் காரை நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. ஈரத்தில் எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள் என்பதை முடிவு செய்வது டயர். வளைவுக்குள் நுழையும்போதும் அப்படியே. சறுக்கலே தெரியாமல் வேகமெடுக்கும் கார், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்ற செய்தியை ஓட்டுநரிடம் மறைத்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில் வேகமாகப் போய், அடுத்த வளைவில் பிரேக் மிதிக்கும்போதுதான் உண்மை தெரியும். வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். பனிக்காலத்தில் குளிர்கால டயர் மாட்டிய முன்சக்கர இயக்கக் கார், கோடைக்கால டயரோடு திரியும் நான்குசக்கர இயக்கக் காரைவிடப் பாதுகாப்பானது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நான்குசக்கர இயக்கம் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லாம் ஒரே ரகமல்ல. எஞ்சினைக் குறுக்காக வைத்த பல ஹேட்ச்பேக்குகள் சீராக ஓடும்போது பெரும்பாலும் முன்சக்கர இயக்கக் கார்களாகவே ஓடுகின்றன. தேவைப்படும்போது நடுவிலுள்ள கிளட்ச் பிணைந்து பின் அச்சுக்கு விசை போகிறது. கைகியர் உள்ள சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் விசை எப்போதும் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். 2020இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸில் முன்னுக்கும் பின்னுக்கும் 60:40, 30:70, 50:50 என்று பங்கீட்டைச் சுவிட்ச் திருப்பி மாற்றலாம். எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஆரின் பின் அச்சில் இரண்டு கிளட்ச் உண்டு. வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரத்துக்குக் கூடுதல் விசை அனுப்பிக் காரையே உள்பக்கம் திருப்ப அவற்றால் முடியும். ஓட்டும் சுகத்துக்காக நான்குசக்கர இயக்கம் வேண்டும் என்பவர்கள் கடைசியாகச் சொன்ன இந்த வகையைத் தேடினால் அர்த்தம் இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும் பின்சக்கரத்தை எழுப்பும் வகையில் அந்தச் சுகம் குறைவு.

இனி செலவு. விசையைப் பின்பக்கம் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் டிஃபரன்ஷியல், கிளட்ச் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ கூடும். நெரிசலில் நின்று நின்று போகும்போது அந்த எடையையும் எரிபொருள்தான் சுமக்கிறது. இடமும் குறையலாம்: ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயின் டிக்கி 380 லிட்டர், அதே தலைமுறை ஆரில் 343 லிட்டர். தேவைப்படும்போது பின் அச்சை இணைக்கும் ஹால்டெக்ஸ் வகைக் கிளட்ச்சின் எண்ணெயைக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றியாக வேண்டும். பலருக்கும் தெரியாத செலவு டயரில் இருக்கிறது. நான்கு டயர்களின் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறுபட்ட வேகத்தில் சுழலும் அச்சுகளுக்கு நடுவே கிளட்ச் ஓயாமல் தேயும். சுபாரு அனுமதிக்கும் வித்தியாசம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். பாதி தேய்ந்த நிலையில் ஒரு டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றி வீடு திரும்ப முடியாமல் போகலாம். முன்சக்கர இயக்கத்தில் ஒரே அச்சில் இரண்டை மாற்றினால் வேலை முடிந்தது.

இத்தனைக்குப் பிறகும் நான்குசக்கர இயக்கத்தைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் பனி மூடும் இடத்தில் வசிப்பவர்கள், வீட்டுக்குச் செங்குத்தான சரிவில் ஏறிப் போக வேண்டியவர்கள், 350 குதிரைத்திறனுக்கு மேல் ஆசைப்படுபவர்கள். முன்சக்கர இயக்கத்துக்காக ரெவோநக்கிளையே உருவாக்கிய ஃபோர்டுகூட அடுத்த ஃபோகஸ் ஆர்எஸ்ஸை 350 குதிரைத்திறனோடு கொண்டுவந்தபோது நான்கு சக்கரங்களுக்கு மாறிவிட்டது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ்ஸின் 421 குதிரைத்திறனை முன்சக்கரங்களிடம் மட்டும் ஒப்படைக்க யாரும் துணியமாட்டார்கள். மின்சாரக் கார்களின் கணக்கு வேறு: அங்கே பின்னால் இன்னொரு மோட்டார் வைத்தாலே போதும், நடுவில் ஷாஃப்ட் கிடையாது.

ஓட்டிப் பார்க்கக் கேட்கும்போது வெயில் நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காய்ந்த சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஈரமான சாலையில், இரண்டாவது கியரில், வளைவிலிருந்து வெளியேறும்போது நிதானமாக விசையைக் கூட்டுங்கள். ஸ்டீயரிங் கையில் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். பழைய நான்குசக்கர இயக்கக் காரை வாங்குவதாக இருந்தால், கிளட்ச் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள், பிறகு குனிந்து நான்கு டயர்களின் பிராண்டையும் தேய்மானத்தையும் ஒப்பிடுங்கள். நான்கும் நான்கு விதமாக இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.