லாபியா, அழுத்தக் குழுவா, அமுக்கக் குழுவா?

2012 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நடந்த அமளி சிலருக்கு நினைவிருக்கலாம். 2008 முதல் லாபிக்கு, அதாவது அரசின் முடிவுகளைத் தன் பக்கம் திருப்பப் பேசும் வேலைக்கு, சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவிட்டதாக வால்மார்ட் அமெரிக்க செனட்டில் கணக்குக் காட்டியிருந்தது. அந்தக் கணக்கில் இந்தியச் சில்லறை வணிகத்தில் நுழைவதும் ஒரு விஷயம். அங்கே அது சட்டப்படி காலாண்டுதோறும் நிரப்பிக் கொடுக்கும் படிவம், அவ்வளவுதான். இங்கே லாபி என்றதும் எல்லார் கண்ணிலும் பணப்பெட்டிதான் தெரிந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை வரை போனது.

தமிழில் லாபி கறை படிந்த சொல். 'மணல் லாபி' என்று யாரும் பாராட்டி எழுதுவதில்லை. அதன் பிறப்போ வெறும் முன்கூடம். லண்டன் நாடாளுமன்றத்தில் அந்த எண்கோணக் கூடம் இன்றும் இருக்கிறது. தொகுதிக்காரர் போய் பச்சை அட்டையில் எழுதிக் கொடுத்து, தன் எம்.பி.யைக் கூப்பிடச் சொல்லலாம். அவர் வருவாரா என்பது வேறு கதை. (அமெரிக்க அதிபர் யுலிசீஸ் கிராண்ட், ஒரு ஹோட்டலின் லாபியில் சுருட்டுப் பிடித்ததால் பிறந்த சொல் என்பார்கள். நம்ப வேண்டாம். 1869-ல் அவர் பதவிக்கு வருமுன்பே சொல் புழங்கியது.)

அழுத்தக் குழு, 'பிரஷர் குரூப்' என்பதற்கான பாடப்புத்தகச் சொல். கறை இல்லை, ஆனால் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. முதலாளிகளின் ஃபிக்கியும் அதில்தான், தொழிலாளர்களின் ஏஐடியுசியும் அதில்தான். பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சரின் கலந்தாலோசனைக்கு முதலாளிகளும் போவார்கள், தொழிற்சங்கங்களும் போகும். கேட்டது கிடைக்காவிட்டால் வேலைநிறுத்தத்தில் இறங்குவது சங்கம் மட்டும்தான்.

இலங்கைத் தமிழில் இதையே அமுக்கக் குழு என்கிறார்கள். அங்கே அது சரிதான். நம்மூரில் 'அமுக்கிட்டாங்க' என்றால் செய்தியை மூடி மறைத்தார்கள் என்று அர்த்தம். குரல் எழுப்புகிறவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டாது.

'இன்ட்ரஸ்ட் குரூப்' என்பதற்கு நலக்குழு என்று ஒரு சொல் உண்டு. கேட்டால் குடியிருப்போர் நலச்சங்கம்தான் ஞாபகம் வருகிறது. வட்டிக் குழு என்று பெயர்க்காதவரை சரி.

நான் இப்படித்தான் பிரித்து எழுதுகிறேன்: கதவுக்குப் பின்னால் பேசினால் லாபி, வெளிப்படையாக அழுத்தம் கொடுத்தால் அழுத்தக் குழு. 2020-21-ல் வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல், டிராக்டரும் அடுப்புமாக நடுரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களை 'விவசாயி லாபி' என்று எழுத எனக்குக் கை வராது.